திருப்பத்தூர் போகாத பஸ்

கண்டக்டர் வேலைக்கு வாயும் விசிலும் இருந்தால் போதும் என்பார்கள். உண்மையில் வேண்டியது இரண்டு கால், அவற்றை எங்கே வைப்பது என்கிற புத்தி. தீர்த்தமலைக்கும் அரூருக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் முப்பது வருசம் நின்றேன். உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் நிற்பவர் முதுகில் மூக்கை இடித்துக்கொள்ளும் சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காகத்தான்.

நின்ற பஸ், நிற்காத மாப்பிள்ளை

புதுச்சட்டை போட்ட மாப்பிள்ளை ஒருவர் கம்பியைப் பிடிக்காமல், இரண்டு காலையும் ஒட்டி வைத்து, கொடிக்கம்பம் மாதிரி நின்றார். "காலைக் கொஞ்சம் அகட்டி வைங்க" என்றேன். கேட்கவில்லை. டிரைவர் மாதையன் ஓர் எருமைக்காகப் பிரேக்கை மிதித்தான். பஸ் நின்றது. மாப்பிள்ளை நிற்கவில்லை. அவர் பாட்டுக்கு அரூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்.

முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் தக்காளி வியாபாரி சின்னப்பொண்ணு. கனத்த உடம்பு, தினமும் எங்கள் பஸ்தான். கீழே உட்கார்ந்து, அகலமாக இடம் பிடித்த எதையும் சுலபத்தில் சாய்க்க முடியாது. அவள் அரை அங்குலம்கூட நகரவில்லை. மடியில் வந்து விழுந்த மாப்பிள்ளையைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "ஏனுங்க, நாங்களும் அரூருக்குத்தான் போறோம். பஸ்ஸோடவே போலாமுங்க."

திருப்பத்தூருக்கு ஒரு டிக்கெட்

பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சை நாள். அரூரில் பத்து மணிக்குப் பரீட்சை. வழியில் பதினொரு பிள்ளைகள் ஏறினார்கள். கௌசல்யா என்கிற பெண் மட்டும் கம்பியைக் கட்டிப் பிடித்து, கண்ணை மூடி, ஒரே வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டே வந்தது. என் காதுக்கு ஊர்ப் பெயரைத் தவிர வேறெதுவும் பழக்கமில்லை. "திருப்பத்தூர் போவாதும்மா. அரூர்ல எறங்கி வேற பஸ் புடிச்சுக்க" என்றேன்.

கண்ணைத் திறந்தது. கண்ணில் தண்ணீர். "திருப்பத்தூர் இல்லீங்கண்ணா, திருப்புத்திறன். விசையையும் தூரத்தையும் பெருக்குனா வரும். எனக்கு மட்டும் வர மாட்டேங்குது. இதுல பெயிலானா படிச்சது போதும்னு வூட்ல சொல்லிட்டாங்க. நீங்க வேற திருப்பத்தூருன்னுட்டீங்க, இனிமே அதுதான் வரும்."

(மீசைக்கு மை அடித்திருந்ததால் நான் அண்ணன்.)

மாதையன் தொங்கிய கதை

இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் பின்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, கழற்றத்தான் முடியவில்லை. ஸ்பேனரில் மாட்டுகிற நீளக் குழாயை மாதையன் ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். ஸ்பேனர் மேல் ஏறி நின்றான், குதித்தான், வௌவால் மாதிரி தொங்கினான். நட்டு அசையவில்லை. பிள்ளைகள் மணி பார்த்து அழ ஆரம்பித்தார்கள்.

பஸ்ஸின் மேலே ஒரு விவசாயி போர்வெல்லுக்கு இறக்கும் இரும்புக் குழாய் போட்டிருந்தார். அதை இறக்கி ஸ்பேனர் பிடியில் செருகினேன். கௌசல்யாவைக் கூப்பிட்டுக் குழாயின் கோடியில் நிறுத்தி, "ஒத்தக் கையால அமுக்கு" என்றேன். அமுக்கியது. நட்டு போட்ட சத்தம் தீர்த்தமலை உச்சிவரை கேட்டதாக அர்ச்சகரே பிற்பாடு சொன்னார். "விசை கம்மிதாங்கண்ணா. தூரம்தான் கூட" என்று தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றது அந்தப் பெண். மாதையன் கரியைத் துடைத்தபடி சொன்னான்: "பாஸாயிட்டு டிரைவர் வேலைக்கு மட்டும் வந்துராதம்மா, நான் இன்னும் ரெண்டு வருசம் ஓட்டணும்."

கடைசி சீட்டின் மகிமை

சக்கரம் மாட்டியதும், போன நேரத்தைப் பிடிக்க மாதையன் விரட்டினான். எதிரே கரும்பு டிராக்டர். ஒதுங்கினான், முன்சக்கரம் இரண்டும் முழங்கால் ஆழ வாய்க்காலில் இறங்கிவிட்டன. ரிவர்ஸ் போட்டால் பின்சக்கரம் சும்மா சுற்றியது. எல்லாரும் கதவுக்கு ஓடினார்கள். "ஒருத்தரும் எறங்காதீங்க, எல்லாரும் பின்னாடி போங்க" என்று விசிலடித்தேன்.

கடைசி சீட்டில் உட்கார்ந்து தலையால் கூரையை இடித்தவர்களுக்குத் தெரியும்: அது பின்சக்கரத்துக்கும் பின்னால் தொங்குகிற இடம். அங்கே கனம் ஏறினால் சக்கரம் தரையைக் கவ்வும், முன்பக்கம் லேசாகும். சின்னப்பொண்ணைக் கடைசி சீட்டுக்குப் போகச் சொன்னேன். "என்னயக் குண்டுங்கிறீங்களா?" என்று முறைத்தாள். கௌசல்யா குறுக்கே வந்து, "இல்லீங்கத்த, சக்கரத்துக்குப் பின்னால தூரம் கூடக் கூட ஒரு ஆளு ரெண்டாளு மாதிரி. ஒடம்பு அதேதான், தூரம்தான் பெருக்குது" என்றது. சின்னப்பொண்ணு தக்காளிக் கூடையோடு போய் மூலையில் உட்கார்ந்தாள். அவளைத் தொடர்ந்து அறுபது பேர் பின்பக்கம் அடைந்தார்கள். பஸ்ஸின் மூக்கு மேலே எழுந்தது. நான் பார்த்தவரை ஆகாயத்தையே தொட்டது. பின்சக்கரம் மண்ணைக் கடித்து, பஸ் ரோட்டுக்கு ஏறியது.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கியபோது கேட்டைச் சாத்தப் போனார்கள். பதினொன்றும் உள்ளே ஓடின. சின்னப்பொண்ணு ஜன்னலில் தலையை நீட்டி அறிவித்தாள்: "இனி எவனாச்சும் என் எடையப் பத்திப் பேசுனா, பரீட்சைக்குப் பஸ்ஸத் தூக்குனவ நாந்தான்னு சொல்லுங்க."

ஏழு மார்க்கு

ஜூன் மாதம். அதே நிறுத்தத்தில் கௌசல்யா ஏறியது. புது யூனிபார்ம், மேல்நிலைப் பள்ளியுடையது. கம்பியைப் பிடிக்கவில்லை, காலை அகட்டி, முட்டியை இளக்கி நின்றது. மாதையன் வேண்டுமென்றே ஒரு பிரேக் போட்டுப் பார்த்தான். அசையவில்லை.

"எந்த ஊரும்மா?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் போல. கௌசல்யா சிரிக்காமல் சொன்னது: "ஏழு மார்க்குக் கேள்வில அதையேதான் கேட்டாங்கண்ணா. முதல்ல திருப்பத்தூருன்னு எழுதிட்டேன். அப்புறம் அத அடிச்சிட்டு, நம்ம பஸ்ஸையே படமா வரைஞ்சு, கடைசி சீட்ல சின்னப்பொண்ணு அத்தைய உக்கார வெச்சுட்டேன். முழு மார்க்கு."

முப்பது வருசமாக நான் போர்டில் இல்லாத ஓர் ஊருக்கு பஸ் விட்டிருக்கிறேன், அந்த ஊரின் பெயர் திருப்புத்திறன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.