ஒட்டுச்சொறி என்று நான் சொன்னது

அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருபத்திரண்டு வருஷம் மருந்து கலக்கிக் கொடுத்தேன். என்னிடம் வேலை பழகியவர்கள் என்னைப் பற்றி நல்லதாகவே சொல்வார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். என் மனைவிக்குக்கூட இதைச் சொன்னதில்லை. அம்மனுக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். இந்தியாவிலிருந்து புது ஆட்கள் வந்து இறங்கினால் பாதிப்பேர் மேலில் சொறி இருக்கும். கார்பாலிக் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்கவைத்து, கந்தகக் களிம்பு பூசினால் அடங்கிவிடும். நான் படித்தது நாலாம் வகுப்பு. தோல் வியாதியில் எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

மூக்காயி கொழுந்து பறிக்கிறவள், கைக்குழந்தைக்காரி. அவளுக்கு விரலிடுக்கும் மணிக்கட்டும் வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. கந்தகமும் கார்பாலிக் சோப்பும் கொடுத்தேன். அடுத்த வாரம் புறங்கையெல்லாம் சிவந்து பரவிவிட்டது. நான் மருந்தைச் சந்தேகிக்கவில்லை. அவள் சரியாகப் பூசவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரிப்பதற்காக எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, பெரிய கங்காணியிடம் உரக்கச் சொன்னேன்: "இவளுக்கு ஒட்டுச்சொறி. யாரும் கிட்ட பொழங்க வேணாம்."

அவள் தலை குனியவில்லை. "ஒட்டுறதுன்னா எம் மடியிலயே கெடக்குற புள்ளைக்கு மொதல்ல வந்திருக்கணுமேங்க" என்றாள்.

"ஒனக்கு வைத்தியமும் தெரியுமோ?" என்று கேட்டேன். வரிசையில் ஒருவன், "டாக்டரம்மா, என் முதுகையும் கொஞ்சம் பாருங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றே பீலிக்கரையில், எல்லோரும் தண்ணீர் பிடித்த பிறகு கடைசியாக வரும்படி அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. குழந்தை காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்காக மாவிளக்கு வைப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். எங்கள் தோட்டத்தில் பெண்கள் எல்லோரும் ஒரே உரலில்தான் விளக்கு மாவு இடிப்பார்கள். அந்த உரலில் அவள் கை படக்கூடாது என்றாகிவிட்டது.

திருவிழாவுக்கு நாலு நாள் முன்பு பதுளையிலிருந்து டாக்டர் வந்தார். மாதத்தில் ஒருநாள் வருகிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குழந்தையின் உள்ளங்கை, அக்குள் எல்லாம் பார்த்தார். அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: "இது கரப்பான். ஒருத்தருக்கும் ஒட்டாது. ஒட்டுறதெண்டால் பிள்ளைக்கெல்லோ முதல் வந்திருக்கும். நீர் பிள்ளையைப் பார்த்தனீரோ?"

அவள் பெரட்டில் சொன்ன அதே நியாயம். கந்தகத்தையும் கார்பாலிக் சோப்பையும் நிறுத்தச் சொன்னார். வேலைக்கு முன்னும் பின்னும் தேங்காய் எண்ணெய், படுக்கும்போது சிங்க் களிம்பு, பனியில் நனைந்த கையை உடனே துடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

மருந்தை மாற்றிக் கொடுத்தேன். ஏன் மாற்றினேன் என்று அவளிடம் சொல்லவில்லை. கோயில் கமிட்டியில் நானும் ஒருவன். என் பேச்சு பொய்த்தது என்று தெரிந்தால் யார் மதிப்பார்கள்? திருவிழா முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

திருவிழா அன்றைக்கு மற்றவர்களின் விளக்குகள் சந்நிதியில் வரிசையாக எரிந்தன. மூக்காயி வீட்டு அம்மியில் தானே அரைத்த மாவில் விளக்குச் செய்து, படிக்குக் கீழே, உரித்த தேங்காய் நார் கிடந்த இடத்தில் வைத்திருந்தாள். காற்றில் அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்து நின்றாள். திருநீற்றுத் தட்டு என் கையில் இருந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

திருவிழா முடிந்த மூன்றாம் நாள் அவள் குடியிருந்த லயத்துக்குப் போய், வாசலில் நின்று, அது ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை மெதுவாகச் சொன்னேன். கை பாதி ஆறியிருந்தது.

"திருவிழாவுக்கு முந்தியே தெரியுமுங்களா?"

ஆமாம் என்றேன்.

"அத பெரட்டுல சொன்னீங்க. இத இங்க வந்து சொல்றீங்க." உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பெரட்டில், தோட்டத்துத் துரை பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, நான் சொன்னது தப்பு, அது ஒட்டாது என்று சொன்னேன். "இதச் சொல்லத் திருவிழா முடியணுமாங்க?" என்றார் பெரிய கங்காணி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பீலியில் அவள் முறை திரும்பக் கிடைத்தது. மாவிளக்கு முடிந்தது முடிந்ததுதான்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சொறி என்று யாராவது வந்தால், கூடப் படுப்பவர்களின் மேலையும் பாருங்கள். தப்பாகச் சொல்லிவிட்டால், சொன்ன இடத்திலேயே, தெரிந்த அன்றைக்கே, மாற்றிச் சொல்லுங்கள். நான் ஒரு வாரம் கழித்துச் சொன்னவன் என்று நினைக்க வேண்டாம், ஒரு திருவிழா கழித்துச் சொன்னவன். இன்றைக்கும் மாவிளக்கு ஏற்றினால் என் கண் முதலில் படிக்குக் கீழேதான் போகிறது.