பிரிந்த காற்று சேருமா?

முப்பது ஆண்டுகள் பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்களின் தவறுகளைத் திருத்திச் சம்பளம் வாங்கியவள் நான். போன செவ்வாய்க்கிழமை ஒரு தவறான தகவலை என் கையாலேயே படம் வரைந்து கொடுத்தேன். வாங்கியவர் அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

அவர் பெயர் ரஹ்மத். தென்காசியில் எனக்கு அடுத்த வீடு. வயது ஐம்பத்தொன்று. சொந்த ஊர் வடகரை. கணவருக்கு இருபத்தாறு வருடங்களாகச் சவுதி அரேபியாவின் தம்மாமில் வேலை – ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். லீவு முடிந்ததும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டின் கண்ணாடிக் கதவு வரை ரஹ்மத் கூடப் போவார். அதற்கு அந்தப் பக்கம் போனதில்லை.

திரும்பும் வழியில் குற்றாலத்தில் வண்டியை நிறுத்துவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். எல்லோரும் குளிப்பார்கள். ரஹ்மத்தும் பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு வருவார். “அருவிக்குக் கீழ நின்னா முகத்துல எது தண்ணின்னு யாருக்குக்கா தெரியும்?” என்று ஒரு முறை சொன்னார்.

இந்த முறை பயணியே அவர்தான். கணவர் மூன்று மாத விசா எடுத்து அனுப்பியிருந்தார். முன்பும் ஒன்று எடுத்தார். பயத்தில் ரஹ்மத் நாளைத் தள்ளித் தள்ளி, அது காலாவதியானது. இம்முறை கணவர் அதிகம் பேசவில்லை. “இதுக்கு மேல கேக்க மாட்டேன்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய் மாலை டிக்கெட் பிரின்ட் அவுட்டோடு வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, நீங்க பேப்பர்ல எல்லாம் எழுதுதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அம்புட்டு கனத்தையும் அந்தரத்துல எது பிடிச்சுக்கிட்டு இருக்கு?”

“காத்துதான்.”

“காத்தா? காயப்போட்ட கைலியக் கொண்டுபோய் அடுத்த தெருவுல போடுது. அத நம்பியா ஏறச் சொல்லுதீக?”

காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஓர் இறக்கையை வரைந்தேன். மேலே வளைவு, கீழே தட்டை. எதிரே வரும் காற்று இறக்கையின் முன் விளிம்பில் இரண்டாகப் பிரிகிறது. மேலே போகும் காற்றுக்கு வளைவு காரணமாகத் தூரம் அதிகம். கீழே போகிற காற்றோடு பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டுமே... அதனால் வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும். கீழே உள்ள அழுத்தம் இறக்கையைத் தூக்குகிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொன்னது இதுதான். அப்படியே ஒப்பித்தேன்.

ரஹ்மத் பின்விளிம்பில் விரலை வைத்தார். “அப்போ பிரிஞ்சது ரெண்டும் இங்கன வந்து சேந்துரும்?”

“சேந்துரும்.”

“இது போதும்க்கா.” தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

பழக்கதோஷம் விடுமா? அன்றே சரிபார்த்தேன். சேராது! காற்றில் புகையை விட்டு எடுத்த ஒரு வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. மேலே போன புகை வெகு முன்னதாகவே பின்விளிம்பைத் தாண்டிவிடுகிறது. கீழே போனது பின்தங்கி வருகிறது. இரண்டும் மறுபடி சந்திப்பதே இல்லை. சந்தித்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அது பாடப்புத்தகங்களிலும் புகுந்துவிட்ட தவறு.

அப்படியென்றால் எப்படிப் பறக்கிறது? இறக்கை சற்றே முன்தூக்கி நிற்கிறது. கீழே உள்ள காற்றைத் தள்ளுகிறது. மேலே ஓடும் காற்றையும் தன் முதுகோடு வளைத்துக் கீழே இறக்கிவிடுகிறது. காற்றைக் கீழே தள்ளினால் காற்று இறக்கையை மேலே தள்ளும். மேலே அழுத்தம் குறைவது உண்மைதான். நான் சொன்ன காரணம்தான் பொய்.

எந்தத் தகவலையும் சரிபார்க்காமல் விடாதவள் இதை எப்படி விட்டேன்? பிரிந்தவை கடைசியில் சேரும் என்பது எனக்கும் பிடித்திருந்தது. என் கணவர் இறந்து நாலு வருடமாகிறது. மகன் டொராண்டோவில். முன்பு ஞாயிறுதோறும் போன் வரும். இப்போது மெசேஜ் வருகிறது. பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எளிது. பிடித்த செய்தியைச் சந்தேகிப்பதுதான் கஷ்டம்.

வியாழன் காலை வழியனுப்ப நானும் போனேன். வண்டி ஓட்டியவர் ரஹ்மத்தின் அண்ணன் சாகுல். திருத்தத்தைச் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் ரஹ்மத் பயந்து இறங்கிவிடலாம். இறங்கினால் யாருக்கு லாபம்? எனக்குத்தான். அடுத்த வீட்டில் குக்கர் சத்தம் தொடர்ந்து கேட்கும். அந்த லாபம் கண்ணுக்குத் தெரிந்ததால்தான் வாய் வரவில்லை.

புளியரை தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது ரஹ்மத் பர்ஸிலிருந்து தாளை எடுத்து விரித்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“ரஹ்மத்து, நான் சொன்னது தப்பு. அந்தக் காத்து ரெண்டும் சேராது.”

அவர் தாளைப் பார்த்தபடியே இருந்தார். “பிளேனு?”

“அது பறக்கும். கைய வெளிய நீட்டு. உள்ளங்கையக் கீழ பாத்து வச்சு, முன்பக்கத்த லேசாத் தூக்கு.”

நீட்டினார். சாரல் காற்றில் கை தானாக மேலே எழுந்தது. தாழ்த்தினார். மறுபடி எழுந்தது.

“ஏட்டி, கைய உள்ள இழு. எதுத்தாப்புல லாரி வருது. ரெக்கை ஒடிஞ்சா தம்மாமுக்கு ஆரு போவா?” என்றார் சாகுல்.

கையை இழுத்துக்கொண்டார். “அப்போ எப்பவுமே சேராதாக்கா?”

“கிட்டத்தட்டச் சேரும். ஆனா இறக்கை எதையும் தூக்காம சும்மா இருக்கும்போதுதான். தூக்கணும்னா மேல உள்ளது முந்திப் போயிரும்.”



“சரிதான்” என்றார் ரஹ்மத். “ரெண்டும் ஒண்ணா இருந்திருந்தா எங்க வீடு எந்திரிச்சிருக்குமா?”

தாளைத் திரும்ப மடித்து வைத்தார். தவறான படம் என்று சொல்லியும்!

கண்ணாடிக் கதவில் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போனார். ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அவர் இத்தனை வருடம் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தேன். என் கையில் அவர் வீட்டுச் சாவி.

திரும்பும் வழியில் போனில் அவர் குரல் வந்தது. “அக்கா, இறக்கைப் பக்கத்துலயே சீட்டு. நீங்க வரைஞ்ச மாதிரி வளைஞ்சுதான் இருக்கு. போன அமத்தச் சொல்லுதாக.” அவ்வளவுதான்.

செங்கோட்டை தாண்டியதும் சாகுல் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். “அக்கா, குற்றாலத்துல நிப்பாட்டவா? நேரா வீட்டுக்கு விடவா?”

நிறுத்தச் சொன்னேன். மாற்றுத்துணி கொண்டுபோகவில்லை. பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு. தண்ணீர் நன்றாக விழுந்தது.