நாலில் ஒரு மருந்து

டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எல்லம்மா கணவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"கோலார் தங்க வயலா? மைன்ஸ்ல வேலை செஞ்சீங்களா?"

"இல்லீங்க மேடம், மளிகைக் கடை," என்றார் பாஸ்கரன். "சின்ன வயசுல டிபி வந்துச்சு. அந்தத் தழும்புதான் நெஞ்சு எக்ஸ்ரேல தெரியுது."

அவருக்கு டிபி வந்ததே இல்லை. மளிகைக் கடை, சுரங்கத்தை மூடிய பிறகு வைத்தது. அதற்கு முன்னால் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் பூமிக்கடியில் பாறை துளைத்தவர். ஷிஃப்ட் முடிந்து வந்தால் இமை மயிரில்கூடக் கல்தூசி அப்பியிருக்கும். எல்லம்மா அவரைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

கழுத்தில் எலுமிச்சம்பழம் போல வீங்கியிருந்தது ஒருவகை நிணநீர்ப் புற்று. மருந்துக்குக் கட்டுப்படும் என்றார் டாக்டர் பவ்யா. "நாலு மருந்து சேத்துக் குடுப்போம். அதுல பிளியோமைசின்னு ஒண்ணு நுரையீரலைக் கெடுக்கலாம். வறட்டு இருமல், மூச்சு வாங்கறது, எது வந்தாலும் அன்னைக்கே சொல்லணும்."

வெளியே வந்ததும் எல்லம்மா கேட்டாள்: "இன்னாத்துக்குங்க அப்டி சொன்னீங்க?"

"வால்டருக்கு இன்னா ஆச்சு, மறந்துட்டியா? மைன்ஸ் தூசி புடிச்ச நெஞ்சு, ஆபரேஷன் தாங்காதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வூட்லயே கெடந்து போய்ட்டான். என்னையும் அப்டி அனுப்பணுமா?"

வால்டர் பூமிக்கடியில் அவரோடு ஒரே லெவலில் வேலை செய்தவர். அவருடைய சவ ஊர்வலத்துக்கு எல்லம்மாவும் போயிருந்தாள். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரயிலேறி பெங்களூர் போய் வந்தார்கள். முடி கொட்டியது, கட்டியும் கரைந்தது. பாஸ்கரன் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவித் தடவிச் சிரித்தார். பிறகு இருமல் வந்தது.

"மொளகா நெடி," என்றார். கடையில் மிளகாய் மூட்டை பிரித்திருந்ததும் உண்மைதான். நெடியாகவே இருக்கட்டும் என்று எல்லம்மா மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இருமல் உண்டா என்று கேட்டபோதெல்லாம் இல்லை என்றார். ஒருநாள் அரிசி மூட்டையை நகர்த்தப் போனவர், அதன்மேலேயே சாய்ந்துவிட்டார். உதடு நீலம் பூத்திருந்தது.

பெங்களூரில் அவரை உள்ளே கொண்டுபோனதும், வராந்தாவில் எல்லம்மா டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பவ்யா கையிலிருந்த ஃபைலை மூடினார்.

"தூசி நெஞ்சுன்னு தெரிஞ்சிருந்தா, பிளியோமைசினை மட்டும் விட்டுட்டு மத்த மூணையும் குடுத்திருப்பேனம்மா. திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன். நானும் இன்னும் கிளறிக் கேட்டிருக்கணும்."



பிளியோமைசினை நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்தார்கள். வெந்துபோன நுரையீரல் தேறவில்லை. புதிதாக எடுத்த ஸ்கேனில் புற்று எங்குமே இல்லை. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட அவருக்கு மூச்சு போதவில்லை.

வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. தேவைக்குமேல் ஏற்றக் கூடாது, அந்த மருந்து ஏறிய நுரையீரலை அதிக ஆக்சிஜனே இன்னும் புண்ணாக்கும் என்று சொல்லியிருந்தார்கள். எல்லம்மா அளவைக் கூட்டும் திருகுக்குக் காவலிருந்தாள்.

"ஏத்து எல்லம்மா."

"டாக்டரு சொன்ன அளவுதாங்க."

"அன்னைக்கு சும்மாதான இருந்த? இன்னைக்கும் இரு. நானே ஏத்திக்கிறேன்."

அவர் கை திருகுவரை எட்டவில்லை. எல்லம்மா அழுதுகொண்டே டாக்டருக்குப் போன் செய்தாள். நிலைமையைக் கேட்டுவிட்டு பவ்யா மெதுவாகச் சொன்னார்: "இனிமே அளவு பாக்க வேணாம்மா. அவருக்கு மூச்சு சுகமா இருக்கணும், அதுக்கு ஊசியும் எழுதித் தர்றேன். மகளை வரச் சொல்லுங்க."

எல்லம்மா திருகை ஏற்றினாள். வெளியூரிலிருந்து மகள் பல்லவி வந்து சேர்ந்தபோது, அப்பாவுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு பல்லவி குமுறினாள். "கேன்சர் போச்சுன்னாங்களே! மருந்தே கொன்னுடுச்சா? அந்த டாக்டர் மேல கம்ப்ளெயின்ட் குடுக்கணும்மா."

"டாக்டரு கேட்டாங்கடி. நாங்கதான் மறைச்சோம்."

"நாங்கன்னா?"

"ஒங்கப்பா பொய் சொன்னாரு. நான் பக்கத்துல குந்திக்கினு இருந்தேன்."

பல்லவி எழுந்து வாசலுக்குப் போனாள். எல்லம்மா கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து மகள் திரும்பி வந்து, அடுப்பைப் பற்ற வைத்து இருவருக்குமாக உலை வைத்தாள்.