கஞ்சாவைச் சொல்லி மகனை மீட்க வந்தவர்கள்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் பகுதிநேர ராணுவப் படையொன்றின் அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தேன். தமிழர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. அதனால் ஒரு காலை தமிழர் நிறைந்த மோர்னிங்சைட் பகுதியிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் கோயிலுக்குப் போகும் உடுப்போடு வந்து நின்றபோது திகைத்துப்போனேன்.

அவர்களின் மகன் சுதன் வீட்டில் சொல்லாமல் சேர்ந்து, பயிற்சியும் தொடங்கியிருந்தான்.

"அண்ணை, ஊரில ஆமிக்குப் பயந்துதான் உவனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனாங்கள். உவன் இஞ்ச தானாப் போய் ஆமியில சேந்திருக்கிறான். எப்பிடியாவது நிப்பாட்டி விடுங்கோ," என்றார் தாய்.

வளர்ந்த பிள்ளை, எங்களால் நிறுத்த முடியாது என்றேன். தகப்பன் எழும்பிக் கதவைச் சாத்தினார்.

"உவன் பள்ளிக்கூடத்தில கஞ்சா பத்தினவன். பெரியவரிட்டச் சொல்லுங்கோ."

நம் ஆட்களை எனக்குத் தெரியும். மகன் சிகரெட் பிடித்தாலே மகளின் கல்யாணம் குழம்பிவிடும் என்று மூடி மறைப்பவர்கள். இவர்கள் கஞ்சாவையே சிபாரிசாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

கப்டனிடம் கூட்டிப்போனேன். அவருடைய தலையிடி, சேர்கிற பொடியன்கள் நிலைக்காததுதான். ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்று மார்தட்டி வந்தவர்களில் ஒருவன் குளிரென்று போனான், ஒருவன் காதலி அழுகிறாள் என்று போனான், இன்னொருவனுக்குச் சப்பாத்துக் கடித்தது. முன்பு கஞ்சா அடித்ததை ஒப்புக்கொண்டு, விசேஷ அனுமதியில் வந்த சுதன் மட்டும் விடியமுன்னமே வந்து நின்றான். தலைமையகத்துப் பெரியவர்களோ, இப்படி வந்தவர்கள்தான் நிலைக்கமாட்டார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் கப்டன் சிரித்தார். "அதை அவன் முதல் நாளே சொல்லிவிட்டானே! இவர்களுக்குத் தெரிந்த பொடியன்கள் இன்னும் இப்படி இருந்தால் அனுப்பச் சொல்லு."

பின்பாதியை நான் மொழிபெயர்க்கவில்லை.

தாய்க்கு முகம் செத்துவிட்டது. "கேட்ட உடன ஓமெண்டு சொல்லிப் போட்டானோ? பொய் சொல்லவும் தெரியாத பிள்ளை, ஆமியில என்னெண்டு தப்புவான்?" என்று அழுதார். அவர் ஊரில் கண்ட ஆமி வேறு. அதைக் கப்டனுக்கு விளங்கவைக்க என் ஆங்கிலம் போதவில்லை.

சுதன் நிலைத்தான். உள்ளதைச் சொல்லி வருகிறவன் நிற்பான் என்பது நான் அங்கே கற்ற பாடம். தலைமையகம் அதற்குப் பிறகும் கூட்டம் வைத்தது.

பயிற்சி முடிந்த அணிவகுப்புக்குத் தாயும் தகப்பனும் வந்தார்கள். சீருடைகளைக் கண்டதும் தாய் கணவரின் கையை இறுக்கிப் பிடித்தவர், சுதன் வந்து தொப்பியைக் கழற்றிய பிறகுதான் விட்டார். போகும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணை, சனம் விசாரிச்சா ஆமி எண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ. வேணுமெண்டா கஞ்சாவைச் சொல்லுங்கோ."