குடிலில் முளைத்த கஞ்சா

தானியக் கடை மரியசூசை அவர்களே, என் அம்மாவுக்குக் கஞ்சாக்காரி என்ற பெயரை வாங்கிக் கொடுத்தவர் நீங்கள். இது உங்களுக்குத் தெரியும். நம் கோவில் பங்கில் பாதிப் பேருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இருந்த எங்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது. கடல் கடந்து வந்து, ஒரு வெள்ளைக்காரப் பையனின் ஈரத் துணியைப் பார்த்து நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தப் பத்திரிகையில் பனியைப் பற்றியும் பாதாள ரயிலைப் பற்றியும் அழகாக எழுதுகிறார்கள். எனக்கு அப்படி எழுத வராது. நான் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மிஸஸ் பார்க்கர் என்ற விதவை வீட்டில் மேல்மாடி அறை ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். இந்த ஊர் வீடுகளில் வெந்நீர்த் தொட்டியைச் சுற்றி ஓர் அலமாரி கட்டியிருப்பார்கள். வெயில் இல்லாத நாடு, அதனால் துணியை அதற்குள் வைத்துத்தான் காயவைக்க வேண்டும். போன குளிர்காலத்தில் ஒரு காலை, என் வெள்ளைச் சட்டையை எடுக்க அந்த அலமாரியைத் திறந்தேன். மேல் தட்டில் இரண்டு சாஸர்கள், ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தன. ஏதோ பூனைக்குட்டி சமாசாரம் என்று நினைத்துத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே நனைந்த பிளானல் துணித் துண்டு. அதன் மடிப்புக்குள் கொத்தமல்லி விதையைவிடச் சின்னதாக, சாம்பல் நிறத்தில், மேலே கோடு கோடாக ஓடிய விதைகள். இரண்டு மூன்று வாய் பிளந்து வெள்ளை வேர் காட்டிக்கொண்டிருந்தன. மற்றவை அளவுக்கு மீறிய தண்ணீரில் அழுகி நாறிக்கொண்டிருந்தன.

அந்த விதையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். சாஸரைத் திரும்ப வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். எங்கே பார்த்தேன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் பங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகிற சாலையில், கடலைக் காட்டுக்கும் சோளக் காட்டுக்கும் நடுவே இருந்தது எங்கள் கோவில். கிறிஸ்துமஸுக்குக் குடில் வைப்போம். மாட்டுத் தொழுவம் மாதிரி கீற்றால் ஒரு கொட்டகை, உள்ளே தேவமாதா, சூசையப்பர், வைக்கோலில் சேசு பாலன். அதைச் சுற்றிப் பச்சைப் புல்வெளி வேண்டும். மார்கழியில் எங்கள் பக்கம் புல் ஏது? அதனால் கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால் ஆகமன காலம் தொடங்கியதும் ராகியும் கடுகும் ஓட்டுத் தட்டுகளில் விதைத்து முளைக்கவைப்போம். அந்த வேலை என் அம்மா சவேரியம்மாளுடையது. அம்மா கை வைத்தால் பாறையிலும் முளைக்கும் என்று பங்கில் பேச்சு. விதை கொடுப்பது மரியசூசையுடைய புண்ணியம். வருஷா வருஷம் ஒரு பை நிறையக் கொடுப்பார். பங்குச்சாமி பீடத்திலிருந்து அவர் பெயரை வாசிப்பார். அந்தப் பையில் இருந்தது கடையைக் கூட்டிய தானியம். நாலு மூட்டையிலிருந்து சிந்தியது, எலி இழுத்தது, செருப்பு மிதித்தது எல்லாம் அதில் இருக்கும். அம்மா அதை முறத்தில் போட்டுப் புடைத்துக் கல் பொறுக்குவாள். ஆண்டவருக்குக் கூட்டிய குப்பையா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஐம்பதுகளின் நடுவில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு வருஷம் அந்தப் பையில் வேறொரு விதை கொஞ்சம் கலந்து வந்தது. ராகியெல்லாம் முளைத்துப் பச்சை கட்டிய பிறகும் அது அப்படியே கிடந்தது. "ஏதோ பூ வெதையாட்டம் இருக்குது சாமி, பாவம், குளுருல கெடக்குது" என்று அம்மா என்னிடம் சொன்னாள். எங்கள் பக்கம் குழந்தைகளையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அந்த விதைகளைத் தனியாகப் பொறுக்கினாள். ஒரு சொம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மிதந்ததை எறிந்துவிட்டு, மூழ்கியதை அப்பாவின் பழைய வேட்டித் துணியில் முடிந்தாள். முடிச்சைப் பிழிந்து, சொட்டாத அளவுக்கு மட்டும் ஈரம் வைத்து, கொட்டாங்குச்சியில் போட்டு அடுப்போரச் சாம்பலில் பதித்தாள். காலையில் கைத்தண்ணீர் தெளிப்பாள். நூல் மாதிரி வேர் வந்ததும், சலித்த மணலும் சாணித் தூளும் கலந்த தட்டில் ஈர்க்குச்சியால் துளை போட்டு, வேர் கீழே போகும்படி ஒவ்வொன்றாக நட்டாள். அவள் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் அந்த விதை செத்திருக்கும். எங்கள் குடும்பம் பிழைத்திருக்கும்.

இலை வந்தபோது ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக இருந்தது. செண்டுமல்லிக்கும் சின்னதில் அப்படித்தான் இலை இருக்கும். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஜனவரி ஆறாம் தேதி வருகிற மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள் மொட்டாவது வைக்கும் என்று சொல்லி, அந்தத் தட்டைக் கொண்டுபோய்ப் பாலனின் தலைமாட்டிலேயே வைத்தாள்.

மூன்று ராஜாக்கள் திருநாளும் வந்தது. செடி ஒரு சாண் வளர்ந்து, விரல் விரித்த மாதிரி இலை பரப்பி நின்றது. பூசை முடிந்து எல்லாரும் குடிலைச் சுற்றி நின்றோம். அந்தோணி என்று ஒரு பையன், புறா வளர்ப்பவன், வாய் நீளம். அவன்தான் ஆரம்பித்தான்.

"ஏனுங்க, மூணு ராஜா பொன்னு, தூபம், வெள்ளைப்போளம் கொண்டாந்தாங்க. நாலாவதா ஒரு ராஜா வந்து பாலனுக்குக் கஞ்சா குடுத்துட்டுப் போயிருக்கறானுங்க. அவன் நம்மூர்க்காரனாட்டம் இருக்குது!"

சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. நாட்டிலேயே முதலில் மதுவிலக்கு வந்த ஜில்லா எங்களுடையது. கள்ளுப் பானை தேடி அடுப்படி வரை வருகிற போலீஸைப் பார்த்தவர்கள் நாங்கள். பங்குச்சாமி குனிந்து பார்த்துவிட்டு, "யாரம்மா இதை வளர்த்தது?" என்று கேட்டார்.

அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அந்தோணி சொன்னது அவள் காதில் விழவில்லை. பாராட்டப் போகிறார் என்று நினைத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். "நாந்தானுங்க சாமி. எல்லாத்தோட போட்டா முளைக்கலீங்க. தனியா எடுத்துத் துணியில கட்டி முளைக்க வெச்சேனுங்க" என்றாள்.

இதை எழுதும்போதும் எனக்கு முகம் எரிகிறது. அவள் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை நினைத்தால்தான் அதிகமாக எரிகிறது.

சாமி மரியசூசையைப் பார்த்தார். விதை கொடுத்தவர் அவர்தானே. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் குடுத்தது ராயியும் கடுகுமுங்க சாமி. மத்தது எனக்குத் தெரியாதுங்க. லாரிக்காரர் ஊடு. அவரு சேந்தமங்கலத்துக்குப் போறாரு, மலையடிவாரத்துல லோடு ஏத்திட்டு வாராரு. நான் என்னத்தச் சொல்றதுங்க?"

அதுவே போதுமாக இருந்தது. என் அப்பா கொல்லிமலை அடிவாரத்திலிருந்து வாழைத்தாரும் கடுக்காயும் ஏற்றிவரும் லாரி ஓட்டியவர். மலை என்றால் கஞ்சா, லாரி என்றால் கடத்தல் என்று எல்லாரும் தாமாகவே கூட்டிக்கொண்டார்கள். யாரோ போய்ச் சொல்லிப் போலீஸ் வந்தது. செடியைப் பிடுங்கிக்கொண்டு, அம்மாவையும் அழைத்துப்போய் ஸ்டேஷன் வாசலில் பொழுது சாயும்வரை நிற்கவைத்தார்கள். சந்தைக்குப் போகிற ஜனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு போனது. கேஸ் போடவில்லை. போட்டிருந்தால் விசாரணையாவது நடந்திருக்கும். "தனியா எடுத்து முளைக்க வெச்சேன்னு அவளே சொன்னாளே" என்பதுதான் ஊரின் தீர்ப்பு. அவள் செய்த அக்கறையே அவளுக்கு எதிரான சாட்சி ஆனது.

வீட்டுக்குள் நடந்தது அதைவிடக் கேவலம். அப்பா அம்மாவிடம், "நெசமா உனக்கு ஒண்ணுந் தெரியாதா?" என்று கேட்டார். அம்மா அப்பாவிடம், "நீங்க எதையாச்சும் லாரியில கொண்டாந்து வெச்சிருந்தீங்களா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் இல்லை என்றார்கள். இரண்டு பேரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் சோறு போடவும் விளக்கு ஏற்றவும் மட்டுமே பேசிக்கொண்டார்கள். அம்மா மறுபடி எதையும் விதைக்கவில்லை. குடிலுக்குக் காகிதப் புல் வந்தது.

இப்போது அந்த அலமாரிக்கு வருகிறேன். சாஸரின் சொந்தக்காரன் கீழ் அறையில் இருக்கும் காலின். காலேஜில் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு முடி வளர்ப்பவன். நான் சாஸரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவன் வெளிறிப்போனான். இங்கேயும் அதை வளர்த்தால் போலீஸ்தான். பிறகு என் நிறத்தைப் பார்த்துத் தைரியம் வந்துவிட்டது. "உங்கள் நாட்டில் வீட்டுக்கு வீடு வளர்ப்பார்களாமே? எனக்கு எல்லாம் அழுகிப்போகிறது. நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டான்.

"எங்கள் வீட்டில் ஒரு முறை வளர்ந்தது. என் அம்மாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது" என்றேன். அவன் வெட்கப்பட வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் கண்ணை விரித்து, "உங்கள் அம்மா பலே ஆள்! இங்கே வந்தால் கட்டாயம் எனக்கு அறிமுகப்படுத்துங்கள்" என்றான். அவன் உண்மையாகவே மரியாதையாகச் சொன்னான். என் அம்மாவுக்கு அந்த விஷயத்தில் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். எனக்கு அழுகையும் வந்தது, அவனை அறையவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல், "இதை எங்கே வாங்கினாய்?" என்று கேட்டேன்.

அவன் குரலைத் தாழ்த்தி மிஸஸ் பார்க்கரின் கிளிக்கூண்டைக் காட்டினான். கிழவி பட்ஜி என்று ஒரு சின்னக் கிளி வளர்க்கிறாள். பறவைத் தீனி பொட்டலத்தில் கஞ்சா விதையும் கலந்து வருமாம். கடையில் யாரும் வாங்கலாம். இவன் கிளி வாயிலிருந்து திருடிக்கொண்டிருந்தான். நான் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பறவைத் தீனி. மரியசூசை கடை வாசலில், ராகி மூட்டைக்குப் பக்கத்தில், எப்போதும் வாய் திறந்து ஒரு மூட்டை நிற்கும். புறாக்காரர்கள் அதில் கை விட்டு அள்ளிப் பார்த்து வாங்குவார்கள். புறாத் தீனி.

அப்போதுகூட எனக்கு அது நிச்சயம் இல்லை. நிச்சயம் ஆனது போன மாதம், எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஸ்டெல்லா நர்ஸாக வந்த பிறகு. ஸ்டெல்லா எங்கள் பங்குக்காரி, புறா வளர்த்த அந்தோணியின் தங்கை. ஊர்ப் பேச்சு கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று ஆசையாக அவளைக் கூட்டிவந்து டீ போட்டுக் கொடுத்தேன். அவள் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"உன் தங்கச்சி பிலோமினா கல்யாணம் நின்னுபோச்சு. ஊட்ல உனக்குச் சொல்லலையா?"

"ஏன் நின்னுச்சு?"

"ஆத்தூர் மாப்பிள்ளை. அவங்க ஊட்டுக்காரங்க நம்ம பங்குல விசாரிக்க வந்து, மரியசூசைகிட்டக் கேட்டிருக்கறாங்க. 'பொண்ணு தங்கமுங்க, ஆனா அந்தக் குடில் சமாச்சாரம்'னு இழுத்தாராம். அவங்க அப்பிடியே பஸ் ஏறிட்டாங்க."

நான் பட்ஜி தீனியைப் பற்றிச் சொன்னேன். பெரிய ரகசியத்தைச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். "அதுல அது கலந்திருக்கும்னு புறா வளக்கறவங்களுக்கெல்லாம் தெரியும்டி. எங்க அண்ணன் அவரு கடையிலதான வாங்குவான். புறா சிந்துனது எங்க ஊட்டுக்குப் பொறத்தால, பொடக்காலியிலயே முளைச்சிருக்குது. பின்ன அவன் எப்பிடிப் பாத்தவுடனே கண்டுபுடிச்சான்னு நெனைக்கற?"

"அப்ப ஏண்டி அன்னிக்குச் சொல்லல?"

"கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்தவரு. அவரப் போயி யாரு சொல்றது?"

டீ ஆறிப்போனது. எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் வந்தது. ஒரு பங்கே தெரிந்துகொண்டு வாயை மூடியிருக்கிறது. பூசையில் எங்களோடு ஒரே அப்பத்தை நன்மையாக வாங்கியவர்கள். பக்கத்துப் பெஞ்சில் முழங்கால் போட்டவர்கள். இவர்கள் என் ஜனம் என்று இந்த ஊரில் நான் பெருமை பேசியிருக்கிறேன். நம் ஊரில் ஒருவர் வீட்டுக் கஷ்டத்துக்கு ஊரே வந்து நிற்கும், உங்களைப் போல் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டோம் என்று மிஸஸ் பார்க்கரிடம் சொல்லியிருக்கிறேன். இனி அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே யாருக்கும் என் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாது. அங்கே யாரும் என் அம்மாவின் பெயரைச் சொல்வதில்லை, பட்டப்பெயர்தான். ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள கோவிலில் கடைசிப் பெஞ்சில் உட்காருகிறேன். வாய் லத்தீனில் பதில் சொல்கிறது. மனசு அந்த ஸ்டேஷன் வாசலில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எந்த இடத்திலும் நான் முழுசாக இல்லை.

மரியசூசை அவர்களே, நீங்கள் வேண்டுமென்றே கஞ்சா விதை கொடுத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. கூட்டியதை அள்ளிக் கொடுத்தீர்கள், பார்க்கவில்லை. அது யாருக்கும் நேரும். ஆனால் செடியைப் பார்த்த அந்த நிமிஷமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் லாரிக்காரர் ஊடு என்றீர்கள். இத்தனை வருஷம் கழித்து, ஆத்தூரிலிருந்து வந்தவர்களிடம் மறுபடியும் அதையே இழுத்தீர்கள். என் அப்பா அந்தச் சந்தேகத்தோடேயே செத்துப்போனார். என் தங்கை வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா இன்னும் பூசைக்குக் கதவோரமாக நின்று, எல்லாரும் போவதற்கு முன்னால் போய்விடுகிறாள்.

இந்தப் பத்திரிகை நம் பங்கில் வீடு வீடாக வாசிக்கப்படுகிறது. உங்கள் கடையிலும் வாசிக்கப்படும். எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். வருகிற ஆகமன கால முதல் ஞாயிறு, பெரிய பூசையில் சாமி பிரசங்கம் முடித்து உங்கள் தானத்தை அறிவிக்கும்போது, எழுந்து நில்லுங்கள். அம்மாவை முன் பெஞ்சுக்குக் கூப்பிட்டு உட்காரவைக்கும்படி பிலோமினாவிடம் சொல்லியிருக்கிறேன். அந்த விதை யார் கடையிலிருந்து வந்தது? உங்கள் கடையிலிருந்து என்றால் அதைச் சொல்லுங்கள். இல்லை என்றால், அதையும் பீடத்துக்கு முன்னால், என் அம்மாவின் முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.