நேர்ந்த முடியில் பட்ட கத்தரி

அனுசியா பயந்த பிறவி. அவள் புருஷன் ஜெயசிங் இதைக் கல்யாணமான மாதமே கண்டுபிடித்துவிட்டான். ஏரலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டால் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு, கேஸை மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வருவாள். அவன் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் போதும், இவள் மனசுக்குள் லாரி நாலு தடவை கவிழ்ந்து எழுந்துவிடும்.

தூத்துக்குடியில் ஒரு பியூட்டி பார்லரில்தான் தொழில் பழகினாள். நல்ல கைராசி, கல்யாணப் பெண்கள் இவளைத்தான் கேட்டு வருவார்கள். அதுவே வினையாகப் போயிற்று. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் இவளுக்குச் சோறு இறங்காது. மேடையில் கொண்டை சரிந்துவிட்டால்? புருவம் ஒன்று ஏறி ஒன்று இறங்கிவிட்டால்? கடைசியில் அந்த வேலையை விட்டுவிட்டு, தூத்துக்குடியை ஒட்டின புதுக்கோட்டைப் பக்கம் வயசானவர்களுக்கென்றே கட்டியிருக்கும் குடியிருப்பில், தரைத்தள பார்லருக்கு வந்து சேர்ந்தாள். முதியோர் இல்லம் என்று சொன்னால் அங்கே உள்ளவர்கள் சண்டைக்கு வருவார்கள். அபார்ட்மெண்ட் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வயசானவங்க தலையில அப்படி என்ன தப்பு வந்துரப்போவுது?" என்று ஜெயசிங்கிடம் சொன்னாள். பயந்தவர்கள் தேடிப்பிடித்து ஒளிகிற இடம் எப்போதும் இப்படித்தான் வாய்க்கும்.

ஆனாலும் அங்கே அவளுக்கு நல்ல பெயர். குழாயில் வருவது உப்புத் தண்ணீர். எந்தத் தலையும் ஒரே வாரத்தில் சிக்குப் பிடித்துவிடும். சீப்பைப் போட்டு இழுத்தால் கிழவிகளுக்கு உயிர் போகும். அனுசியா இழுக்க மாட்டாள். எண்ணெய் போட்டு விரலால் பிரித்துப் பார்ப்பாள், பிரியாத சிக்கைச் சத்தமில்லாமல் கத்தரித்து எறிந்துவிடுவாள். பிறகு நுனியைச் சமமாக வெட்டிவிடுவாள். யாரையும் கேட்பதில்லை. வலிக்காத கை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

முத்துக்கனி ஆச்சிக்கும் அப்படித்தான் செய்தாள். ஆச்சிக்கு எழுபதைத் தாண்டியும் இடுப்புவரை முடி. ஒரே மகன் லிங்கராஜ், விளாத்திகுளத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிறான். அன்று தலைக்குக் குளிப்பாட்டிவிட ஆச்சி வந்தாள். நாற்காலியில் சாய்ந்ததும் தூங்கிவிட்டாள். அனுசியா மூன்று சிக்கை வெட்டினாள், நுனியில் நாலு விரல் எடுத்தாள், பின்ன ஆரம்பித்தாள். ஆச்சி விழித்துக்கொண்டாள்.

"பாத்துப் பின்னு, ஏளா. திருச்செந்தூருக்கு நேந்த முடி. லிங்கராஜுக்கு வார புதன்கெழமை மதுரையில இருதய ஆபரேஷன்லா. நல்லபடியா எந்திச்சு வந்தாம்னா மொட்டை போடுதேன்னு முருகன்ட்ட சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் கத்தரி படப்பிடாது."

அனுசியா குனிந்து பார்த்தாள். வெட்டின முடி அவள் செருப்புக்கு அடியில் கிடந்தது. நேர்ந்த முடி என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் தம்பி மொட்டை போடும்வரை குடுமியோடுதான் பள்ளிக்கூடம் போனான். பிள்ளைகள் கேலி செய்து அழுது வருவான், கண்ணில் விழுகிற முடியைக்கூட அம்மா வெட்டவிடவில்லை. இன்ன சாமிக்கு என்று நேர்ந்துவிட்டால் அது அந்தச் சாமியுடைய முடி. அதில் கை வைத்தால் கேட்ட வரம் நிற்காது. இதைத் தெரிந்த ஊரில் பிறந்துவிட்டுத்தான் இவள் கேட்காமல் வெட்டியிருக்கிறாள்.

ஆச்சி போனதும் அந்த முடியைப் பொறுக்கித் தாளில் சுற்றி வைத்தாள். எறிய மனசு வரவில்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது ஜெயசிங் சிரித்தான்.

"டாக்டர் கையில உள்ள கத்திய விட்டுட்டு, முருகன் ஒன் கத்தரியவா பாத்துக்கிட்டிருக்கான்?"

அவள் சிரிக்கவில்லை. லிங்கராஜ் பிழைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவள் தலைக்குள் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜே ஆச்சியைப் பார்க்க வந்தான். மெலிந்து, மூச்சு வாங்கி நடந்துவந்தவன் பார்லர் வாசலில் நின்று ஒரு சேவுப் பொட்டலத்தை நீட்டினான்.

"நான் வந்து சேருத வரைக்கும் அம்மாவப் பாத்துக்கிடுங்க" என்றான்.

மறுநாள் காலையில் அவள் ஆச்சியின் அறைக்குப் போய், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி, முடி சுற்றின தாளைப் பிரித்துக் காட்டினாள். முத்துக்கனி ஆச்சி அந்த முடியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு, "இம்புட்டுக்கா, ஏளா, இந்த அழுவ அழுத? முருகன் என்ன முழக்கோல வச்சுக்கிட்டா உக்காந்திருக்கான்? இதையும் சேத்துக் குடுத்தாப் போச்சு. தெரியாமச் செஞ்சதுக்கு ஒரு குத்தமும் கெடையாது. போ, போய் வேலையப் பாரு" என்றாள். அன்றைக்குத்தான் அனுசியா வயிறாரச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. லிங்கராஜ் எழுந்து வரவில்லை.

ஆச்சியை விளாத்திகுளத்துக்குக் கூட்டிப்போனார்கள். அனுசியா வேலையை விட்டுவிடலாம் என்று பார்த்தாள், விடவும் பயமாக இருந்தது. யார் தலையிலும் கத்தரி வைக்க முடியவில்லை. ஒவ்வொருவரிடமும் நேர்த்தி உண்டா, நேர்த்தி உண்டா என்று கேட்டுக் கேட்டு எரிச்சலூட்டினாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆச்சி திரும்பி வந்துவிட்டாள் என்று காவலாளி வந்து அனுசியாவிடம் சொன்னான். அன்று முழுக்க லிஃப்ட் திறக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆச்சி தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தலை மொத்தமும் சிக்கு.

"வெட்டிவிடு. இனி யாருக்கு வச்சிருக்கணும்?"

அனுசியா அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "ஆச்சி, என்னை..."

"பேசாம கேளு. அன்னைக்குக் குத்தம் இல்லன்னு சொன்னேம்லா? அத இனிச் சொல்ல மாட்டேன். ஒன் கத்தரி பட்டுத்தான் இப்படி ஆச்சுன்னு சொல்லுவேன். கேக்கவங்க எல்லார்ட்டயும் சொல்லுவேன்."

எந்தச் சொல்லுக்குப் பயந்து வாழ்ந்தாளோ அந்தச் சொல் வந்துவிட்டது. அனுசியா தலையைக் குனிந்துகொண்டாள். ஆச்சியின் கை வந்து அவள் தலைமேல் விழுந்தது. அது அடிக்கிற கையாக இல்லை.

"ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல, ஏளா. ஆனா ஒம்மேல குத்தம் இல்லன்னா முருகன் மேலல்லா குத்தம்? அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் முன்னால போய் நிப்பேன்? புள்ளையும் போயிட்டான். முருகனையும் விட்டுட்டா எனக்கு யாரு இருக்கா?"

அனுசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்மேலயே இருக்கட்டும், ஆச்சி" என்றாள்.