வரி முடியும் இடத்தில் பயந்தவர்

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் தங்கை போன் செய்தாள். "அக்கா போயிட்டாங்க வசந்திக்கா. காலையில நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இனி நான் ஏற்றும் இணையப் பக்கங்களை யார் சரிபார்ப்பார்கள்? சீ, இந்த நேரத்திலுமா இந்த நினைப்பு என்று என்னையே திட்டிக்கொண்டுதான் அழுதேன்.

தில்லைநகர் அலுவலகத்தில் எங்களோடு இருந்த உங்களுக்குத் தெரியும்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேர்டில் வரும் கோப்புகளை இணையப் பக்கங்களாக மாற்றுவது எங்கள் வேலை. ஏற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்டெல்லா தன் பழைய போனில் எழுத்தைப் பெரிதாக்கி, வாய்விட்டுப் படிப்பார். வரி எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துவார். "சரியான பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்வோம். "பத்தியில வரி தானா மடங்கிக்கட்டும். பட்டியல்ல ஒவ்வொண்ணும் தனி வரியில நிக்காம அப்படி விட்டா நம்மள நம்பிப் படிக்கிறவங்க கதி?" என்பார்.

அவர் காய்ச்சலென்று வராத ஒரு நாளில் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஒரு மருத்துவமனை அனுப்பிய, அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கான குறிப்புகள். தட்டச்சு செய்த புண்ணியவான் வரிக்கு வரி என்டர் அடித்திருந்தார். போனில் பார்த்தால் வரிகள் பாதிப் பாதியாகத் தொங்கின. எரிச்சலில் அத்தனை என்டரையும் ஒரே அழுத்தில் நீக்கிவிட்டேன். மாத்திரைப் பட்டியலில் தனித்தனியாக இருக்க வேண்டிய வரிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

மறுநாள் ஸ்டெல்லா படித்தார். "சர்க்கரை மாத்திரை அன்று காலை." நிறுத்தினார். "வேண்டாம் இரத்த அழுத்த மாத்திரை." அவர் முகம் வெளுத்துப்போனது. சர்க்கரை மாத்திரைதான் அன்று காலை வேண்டாம், இரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போல் சாப்பிட வேண்டும் என்பதுதான் மருத்துவர் எழுதியது.

"சத்தமில்லாம சரி பண்ணிடலாம் ஸ்டெல்லா. என் வேலை போயிடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பக்கத்தைச் சரி பண்ணிடலாம்டி. நேத்துலேருந்து படிச்சவங்கள என்ன பண்றது?" என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார். உடனே மருத்துவமனைக்குப் போன் போட்டார். "நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோங்க" என்றார். என் பெயரைச் சொல்லவேயில்லை.

மருத்துவமனையில் ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னார்கள். தொட்டியத்துக்காரர் ஒருவர் மறுநாளைக்கான இரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாதென்று தனியே ஒதுக்கி வைத்திருந்தாராம். அதைக் கேட்ட நான் அன்று சாப்பிடவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் என் பழைய பக்கங்களையெல்லாம் போனில் திறந்து பார்த்தேன். ஸ்டெல்லா விடுப்பிலிருந்தபோது நான் ஏற்றிய, வேறொரு கிளினிக்கின் மருந்துப் பட்டியலில் அதே தவறு. ஐயோ, எத்தனை மாதமாக அப்படிக் கிடந்ததோ! திருத்த ஒரு நிமிடம் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. திருத்தினேன். பிறகு கிளினிக்கை அழைத்து, என் பெயரைச் சொல்லி, இதைப் படித்து யாருக்காவது ஏதாவது ஆனதா என்று கேட்டேன்.

"பார்த்துட்டுக் கூப்பிடறோம்மா" என்றார்கள். இதை எழுதும்வரை கூப்பிடவில்லை.

ஸ்டெல்லா, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. நீ எனக்கென்று கொடுத்துவிட்டுப் போனது இந்தப் பயம்தான். வைத்துக்கொள்கிறேன்.